போர்டுல சிலுவை இருக்கறதால: ஜூன் மாச டைரி

ஜூன் 3, 2025, செவ்வாய்

இந்த டைரிய படிக்க ஆரம்பிக்கறவங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன், இதுல வர்ற ஆளு, ஊரு, வயசு, தொழில் எல்லாமே மாத்திதான் எழுதறேன், சில சமயம் ரெண்டு மூணு பேரு கதை ஒண்ணா சேந்துருக்கும், அதனால இது எங்க பெரியம்மா கதைன்னு யாரும் கிளம்பிடாதீங்க.

கிருஷ்ணகிரில எங்க கிறிஸ்தவ ஆலோசனை சென்டர் போர்டு வெயில்ல வெளுத்து போச்சு, புதுசா எழுதணும். பெயிண்டர் அண்ணன் "மனநல ஆலோசனை மையம்னு பெருசா போட்டுடலாமா மேடம்"னு கேட்டாரு. அக்கா உடனே வேணாம்னுட்டாங்க. (அக்கான்னா எங்க சீனியர், வேலூர்ல படிச்சவங்க, எனக்கு தொழில் கத்து குடுத்தது அவங்கதான்.) பழையபடி சிலுவை, கீழ குடும்ப ஆலோசனை, அவ்ளோதான். மனநலம்னு எழுதுன கதவுக்குள்ள நுழையறத பக்கத்து வீட்டுக்காரங்க பாத்தா முடிஞ்சுது, பொண்ணு கல்யாணம் வரைக்கும் பேசுவாங்க. சிலுவை போட்ட எடம்னா "ஜெபம் பண்ணிட்டு வரேன்"னு மாமியார்ட்ட சொல்லிட்டு வந்துடலாம். காவேரிப்பட்டணம் பக்கத்துலருந்து வர்ற இந்து குடும்பங்க கூட அப்படித்தான் வராங்க, மதம் மாத்துவீங்களான்னு வாசல்லயே கேட்டுட்டுதான் உக்காருவாங்க, கேக்கறது நியாயம்தானே. அவங்களுக்கு நாங்களா ஜெபம் பண்றதில்ல. கிறிஸ்தவங்களுக்கும் அவங்க கேட்டாதான்.

ஜூன் 5, வியாழன்

அதே சிலுவை உள்ள வந்தப்பறம் தொல்லையும் பண்ணும். இன்னைக்கு வந்தவங்க, புள்ளைய பறிகுடுத்து ஒரு வருஷம் ஆகுது, உக்காந்ததுலருந்து "கர்த்தர் நல்லவர் சிஸ்டர், அவர் சித்தம், எனக்கு ஒரு குறையும் இல்ல"ன்னே சொல்லிட்டு இருந்தாங்க, கண்ணு மட்டும் வேற ஏதோ சொல்லுது. எங்கள பாஸ்டரம்மா மாதிரி நினைச்சுக்கறாங்க, அழுதா விசுவாசம் கொறைஞ்சவன்னு மார்க் போடுவோம்னு பயம். அக்கா எதிர்த்து ஒண்ணும் பேசல, பைபிள்ல 88வது சங்கீதத்த எடுத்து மெதுவா வாசிச்சாங்க. மத்த புலம்பல் சங்கீதமெல்லாம் பெரும்பாலும் கடைசில எங்கயாவது ஒரு துதில போய் நிக்கும், இது இருட்டுலயே முடிஞ்சு போயிடும். அந்தம்மா கொஞ்ச நேரம் பேசல. அப்பறம் "இப்படி பேசலாமா?"ன்னு கேட்டாங்க. அதுக்கப்பறம்தான் புள்ள பேரையே முதல் தடவையா சொன்னாங்க, ஆஸ்பத்திரில என்ன நடந்துச்சு, யாரு மேல கோவம்னு எல்லாமே வந்துச்சு.

வேதத்துல இதெல்லாம் இருக்குதானே, சபைல ஏன் வாசிக்க மாட்டேங்கறாங்கன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு கடுப்பு.

ஜூன் 9, திங்கள்

இன்னைக்கு பெரிய கதை.

ஒரு அண்ணன், மாங்கா வியாபாரம். அவருக்கு பைபோலார், அதாவது சில மாசம் எந்திரிக்கவே முடியாத அளவு சோர்வு, சில சமயம் தூக்கமே இல்லாம தலைகால் புரியாத வேகம். அதுக்கான லித்தியம் மாத்திரை போட்டுட்டு வருஷக்கணக்கா நல்லாதான் இருந்தாரு. போன வருஷம் ஒரு சுகமளிக்கும் கூட்டத்துல கைய வெச்சு ஜெபிச்சுட்டு விடுதலை ஆயிட்டன்னு சொல்லிருக்காங்க, இவரும் மாத்திரைய நிறுத்திட்டு அடுத்த ஞாயிறே மைக்க புடிச்சு கர்த்தர் சுகம் குடுத்துட்டாருன்னு சாட்சி சொல்லிட்டாரு, சபையே கை தட்டுச்சாம். கொஞ்ச மாசம் ஒண்ணும் ஆகல. லித்தியம் நிறுத்துன அடுத்த நாளே நோய் வந்து நிக்கணும்னு இல்லயே, அந்த இடைவெளிதான் எல்லாரையும் ஏமாத்தும். அப்பறம் தூக்கம் போச்சு, ராத்திரி ரெண்டு மணிக்கு லாரிக்காரங்களுக்கு போன், கடன் வாங்கி ஒரு தோப்பு குத்தகை, அந்த வேகத்துலயே சபை கட்டடத்துக்கு பொண்டாட்டி நகைய தரேன்னு பொருத்தனை (நேர்த்திக்கடன் மாதிரி) வேற, குடுத்தும்ட்டாரு. இப்ப பெங்களூரா மாங்காக்கு வெலையும் இல்ல, ஆளும் சரிஞ்சு உக்காந்துருக்காரு.

சரி, டாக்டர்ட்ட போலாம்ணான்னா மாட்டேங்கறாரு. வியாதி வந்துச்சேங்கறது ரெண்டாவது கவலைதான். "சாட்சி சொல்லிட்டேன் சிஸ்டர், இப்ப மாத்திரை போட்டா நான் பொய்யன் ஆயிடுவேன், இல்ல கர்த்தர் பொய்யர் ஆயிடுவாரு." இதுக்கு எந்த டெக்ஸ்ட்புக்லயும் பதில் இல்ல. செத்துடலாம்னு தோணுதான்னு நேராவே கேட்டேன், அப்படி கேட்டா எண்ணத்த நாமளே தூண்டி விட்டுடுவோம்னு சொல்றது தப்பு, கேட்டாதான் சொல்வாங்க. எலியா (பைபிள்ல வர்ற தீர்க்கதரிசி) கேட்ட மாதிரி கேக்கறேன்னாரு. எனக்கு அதுவே ஒரு புடி ஆச்சு. எலியா சூரைச்செடிக்கு கீழ படுத்து என் உயிர எடுத்துக்கோன்னு கேட்டப்ப தேவதூதன் வந்து விசுவாசம் பத்தி பிரசங்கம் பண்ணலயே அண்ணா, சுட்ட அடையும் தண்ணியும் குடுத்தான், தூங்க விட்டான், மறுபடி எழுப்பி சாப்புட சொன்னான், மத்த பேச்செல்லாம் ஓரேப் மலைக்கு போனப்பறம்தான்னேன். சிரிச்சாரு.

அவர தனியா அனுப்பல. பொண்டாட்டிய வரவழைச்சு, தோட்டத்து பூச்சி மருந்தெல்லாம் யாரு வீட்லயாவது பூட்டி வெக்க சொல்லி, 14416 (டெலி மானஸ், அரசாங்க மனநல ஹெல்ப்லைன், ராத்திரியும் எடுப்பாங்க) ரெண்டு பேரு போன்லயும் பதிஞ்சு குடுத்து, அக்காவே ஆட்டோல கூட்டிட்டு போலுப்பள்ளி மெடிக்கல் காலேஜ் மனநல ஓபிக்கு போயிட்டாங்க. மத்த அப்பாயின்ட்மென்ட் எல்லாம் என் தலைல.

ஜூன் 12, வியாழன்

கரண்ட் இல்ல. ஃபேன் இல்லாம கணவன் மனைவி சண்டைய கேக்கறது தனி தண்டனை.

ஜூன் 15, ஞாயிறு

ஆராதனை முடிஞ்சு செருப்பு மாட்டறப்ப ஒரு பாஸ்டர் ஐயா வந்து "நம்ம சபை புள்ள உங்ககிட்ட வருதாமே, என்ன பிரச்சனைன்னு சொன்னா ஜெபிப்பேன்"னாரு. நல்ல எண்ணத்துலதான் கேக்கறாரு, அது தெரியும். ஆனா ஒரு சபைல ஜெப குறிப்பா ஒரு விஷயம் போச்சுன்னா சாயந்தரத்துக்குள்ள பழையபேட்டை முழுக்க தெரியும். "பேர் சொல்லாமலே ஜெபிங்க ஐயா, கர்த்தருக்கு தெரியும்"னு சொன்னேன், மொகம் சுருங்கிடுச்சு. அந்த புள்ள எங்ககிட்ட வருதா இல்லயான்னு கூட நான் சொல்லல. 2017 மனநல சட்டத்துலயே ரகசியம் காக்கறது சிகிச்சைக்கு வர்றவங்களோட உரிமைன்னு இருக்கு.

ரகசியத்துக்கு எல்லையும் உண்டு, முதல் நாளே சொல்லிடுவோம். உயிருக்கு ஆபத்துன்னா வீட்ல சொல்வோம். சின்ன புள்ளைங்க மேல பாலியல் கொடுமைன்னா போக்சோ சட்டப்படி போலீசுக்கு சொல்லியே ஆகணும், பண்ணது சபை மூப்பரா இருந்தாலும் சரி, சபை பேரு கெட்டு போயிடும்னு சொன்னாலும் சரி. இந்த ஒரு விஷயத்துல அக்கா யாருட்டயும் பல்ல இளிக்க மாட்டாங்க.

ஜூன் 20, வெள்ளி

மாங்கா அண்ணன் வீட்லருந்து போன். டாக்டர் மறுபடி லித்தியம் ஆரம்பிச்சுருக்காரு, கிட்னி, தைராய்டு டெஸ்ட் எடுத்தாச்சு, ரத்தத்துல மருந்து அளவும் பாக்கணும்னு வர சொல்லிருக்காங்களாம். தூங்கறாராம். ஆனா சபைல உபவாச ஜெபம் அறிவிச்சுருக்காங்க, தண்ணி கூட குடிக்காம இருக்கலாமான்னு கேட்டாரு. நல்லவேளை கேட்டாரு. லித்தியம் போடறவங்க உடம்புல தண்ணியும் உப்பும் திடீர்னு கொறைஞ்சா மருந்து ரத்தத்துல ஏறி விஷமாயிடும், கை நடுங்கும், வாந்தி, தள்ளாட்டம் எல்லாம் வரும். வேணாம்ணா, டாக்டர்ட்டயும் கேளுங்க, சாப்பாட்டுக்கு பதிலா போன விட்டு உபவாசம் இருங்கன்னேன். அது சாப்பாட்ட விட கஷ்டமாச்சேன்னாரு.

ஜூன் 26, வியாழன்

மாங்கா அண்ணனும் பொண்டாட்டியும் வந்தாங்க. அவரு இன்னும் அதே எடத்துலதான் நிக்கறாரு: "மறுபடி மைக்ல போய் மாத்திரை போடறேன்னு சொல்லணுமா?" அக்கா கேட்டாங்க, "உங்க பாஸ்டர் சுகர் மாத்திரை போடறாரே, அதுக்கு என்னைக்காவது மைக் புடிச்சாரா?" அண்ணன் பொண்டாட்டி குபீர்னு சிரிச்சுட்டாங்க. யாருக்கும் கணக்கு சொல்ல வேண்டாம், சொல்லணும்னு தோணுனா ஆறு மாசம் நல்லா தூங்குனப்பறம் யோசிப்போம்னு முடிவாச்சு.

அப்பறம் அண்ணன் பொண்டாட்டி கேட்ட கேள்விதான் எங்க ரெண்டு பேரையும் உக்கார வெச்சுடுச்சு. "அவருக்கு புத்தி நெதானத்துல இல்லாதப்ப குடுத்த என் நகைய திருப்பி கேக்கலாமா, அது பாவமா?" அண்ணன் தலை நிமிரல. பாவமான்னு நாங்க தீர்ப்பு சொல்ற எடத்துல இல்லக்கா, ஆனா கேக்கற உரிமை உங்களுக்கு இருக்குன்னு அக்கா சொன்னாங்க, கேக்கப்போறப்ப டாக்டர் சீட்டையும் எடுத்துட்டு போங்கன்னும் சொன்னாங்க. நாங்க கூட வரணுமான்னதுக்கு வேணாம், என் நகைய நானே கேட்டுக்கறேன்னுட்டாங்க. அடுத்த வியாழன் லோடு இருக்காம், வெள்ளிக்கிழமை பத்தரைக்கு எழுதிருக்கேன்.