அப்பாவின் வலது கை

மூளையின் இடது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்து அப்பாவுக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் அன்று, "யாரு பார்த்துக்கப் போறீங்க?" என்று நர்ஸ் கேட்டபோது தம்பி ஜன்னலைப் பார்த்தான், நான் தரையைப் பார்த்தேன்.

அடி வாங்கி வளர்ந்தவர்கள் நாங்கள். விரிவாகச் சொல்லப் போவதில்லை. அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டால் தம்பி கட்டிலுக்கு அடியில் போய்விடுவான், அது போதும். "பணம் தர்றேன்க்கா, அவர் முகத்தைப் பார்க்க வரமாட்டேன்" என்றான். அவன்மேல் எனக்கு வருத்தமில்லை. நான் ஒத்துக்கொண்டதும் பாசத்தால் இல்லை. அம்மா உயிரோடு இல்லை, என் வீட்டில் ஓர் அறை காலியாக இருந்தது.

வேலையைக் கற்றுக்கொள்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். குதிகாலிலும் பின்னிடுப்பிலும் சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்த்து, சிவப்பு மறையவில்லை என்றால் படுக்கைப்புண் ஆரம்பம். அவருக்கு விழுங்குவதில் சிக்கல் இருந்ததால் தண்ணீரைக்கூடக் கெட்டியாக்கித்தான் கொடுக்கச் சொன்னார்கள், இல்லாவிட்டால் நுரையீரலுக்குள் போய்விடும். சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க விடக் கூடாது. சட்டை போடும்போது விழுந்த கை முதலில், கழற்றும்போது அதே கை கடைசியில். அந்தக் கையைப் பிடித்துத் தூக்கவே கூடாது, தோள்மூட்டு நழுவிவிடும்.

அந்தக் கைதான் எனக்குப் பிரச்சினை. சில வாரங்களில் அது இறுகி, விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டன. நகம் குத்தியது, வியர்வை தேங்கி நாறியது. தினமும் விரித்துத் துடைத்தாக வேண்டும். முதல் நாள் விரலைப் பிடித்து இழுத்தேன், இன்னும் இறுகியது. மணிக்கட்டை முதலில் உள்பக்கம் மெதுவாக மடக்கினால் விரல்கள் தளரும் என்று பிசியோதெரபிஸ்ட் காட்டித் தந்தார். தளர்ந்தது. ஆனால் அந்த முஷ்டியைத் தொடும்போதெல்லாம் என் தோள்கள் காதுவரை ஏறிவிடும். அந்தக் கையால் இனி ஓங்க முடியாது என்பது புத்திக்குத் தெரிகிறது, 41 வயது உடம்புக்குத் தெரியவில்லை.

பேச்சில் மிஞ்சியது ஒரே வார்த்தை: "சனியனே." சின்ன வயதில் என்னைக் கூப்பிட்டதும் அப்படித்தான். யோசித்துப் பேசுவது போனாலும் வசவு, எண்ணிக்கை, பழகிய பாட்டு போன்றவை சிலருக்குத் தங்கிவிடும் என்று பேச்சுப் பயிற்சியாளர் விளக்கினார். தாகத்துக்கும் அதே வார்த்தை, வலிக்கும் அதே வார்த்தை. தெரிந்தும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்ற நாட்கள் உண்டு.

ஒரு ராத்திரி, மூன்று மணி இருக்கும். ஊட்டிய மருந்தைத் துப்பினார். இடது தோளைப் பிடித்து அழுத்தினேன். கையை எடுத்தபோது என் நான்கு விரல்களும் அவர் தோலில் பதிந்திருந்தன. நான் அவராகிவிட்டேனோ என்று அன்று பயந்ததுபோல் எப்போதும் பயந்ததில்லை.

மறுவாரமே ராத்திரிக்கு ஒரு ஆண் உதவியாளரை வைத்தோம், சம்பளம் தம்பி தருகிறான். நான் ஒரு ஆலோசகரிடம் போக ஆரம்பித்தேன். கோபம் ஏறினால் தலைப்பக்கத்தை உயர்த்தி, கட்டிலின் தடுப்பைப் போட்டுவிட்டு வெளியே போய்விடு, பத்து நிமிஷத்தில் ஒன்றும் ஆகாது என்றார். "மன்னிச்சுடு, மனசு லேசாகும்" என்று அத்தை சொல்வதைப் பற்றிக் கேட்டேன். "மன்னிக்காமலும் டயப்பர் மாத்தலாமே" என்றார். ஒரு வருஷத்தில் எனக்குக் கிடைத்த உருப்படியான அறிவுரை அதுதான்.

நடுவில் அப்பா அடிக்கடி அழ ஆரம்பித்தார். செய்ததை நினைத்து வருந்தி அழுகிறார் என்றாள் அத்தை. பக்கவாதத்திலேயே இப்படிக் காரணமில்லாமல் அழுகை வரும் என்றார் டாக்டர். டாக்டர் சொன்னதைக் கேட்டு ஏமாற்றமாக இருந்தது, அதை ஒளிப்பானேன்.

இப்போது படங்கள் ஒட்டிய அட்டை ஒன்று வைத்திருக்கிறோம். நேற்று "சனியனே" என்றார். "தண்ணியா, போர்வையா?" என்று அட்டையை நீட்டினேன். இடது கை கொஞ்சம் அலைந்து போர்வையில் போய் நின்றது. போர்த்திவிட்டு, வலது மணிக்கட்டை மடக்கி விரல்களை விரித்தேன். நகம் வளர்ந்திருந்தது, வெட்டினேன்.