மாடியில் சுண்ணாம்பு, தொட்டியில் மல்லி: பங்குனி முதல் சித்திரை வரை

பங்குனி, முதல் வாரம்

எங்கள் வீடு மதுரையில். தரைத்தளம் மட்டும்தான், மேலே மொட்டை மாடி. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ஒவ்வொரு சித்திரையிலும் தங்கை குடும்பமும் மனைவி வழிச் சொந்தங்களும் வந்து கூடத்தில் பாய் விரித்துப் படுப்பார்கள். போன வருஷம் ராத்திரி இரண்டு மணி வரை யாருக்கும் தூக்கமில்லை. பகலெல்லாம் வெயிலைக் குடித்த தளம் இருட்டிய பிறகு அதைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கிறது. தங்கையின் கைக்குழந்தை அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. அதனால் இந்த வருஷம் திருவிழாவுக்கு முன்னால் மாடிக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுவது என்று வீட்டில் எல்லாரும் பேசி முடிவெடுத்தோம்.

கடையில் வெப்பம் தடுக்கும் வெள்ளைப் பெயிண்டும் கிடைக்கிறது. எங்கள் மாடி ஐந்நூறு சதுர அடி. விலையைக் கேட்டதும் சுண்ணாம்பே போதும் என்று அம்மா சொல்லிவிட்டார்கள். அவர்கள் பிறந்த வீட்டில் பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு நீற்றி வளர்ந்தவர்கள்.

பதினைந்து கிலோ கல்சுண்ணாம்பு வாங்கினேன். பழைய இரும்பு டிரம்மில் முதலில் தண்ணீர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கல். இந்த வரிசை மாறவே கூடாது. கல்லின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளியும் வேண்டாம், அந்தச் சூட்டுக்கு இளகிவிடும். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு நான் மட்டும் நின்றேன். பிள்ளைகள் இருவரும் படிக்கட்டுக் கதவுக்குப் பின்னால் இருந்து, டிரம் தானாகக் குமிழி விட்டுப் புகைவதை வாய் பிளந்து பார்த்தார்கள். கண்ணில் ஒரு சொட்டுப் பட்டாலும் பார்வைக்கே ஆபத்து என்பதால் இதில் மட்டும் நான் யாருக்கும் இடம் கொடுக்கவில்லை.

மறுநாள் பழைய வேட்டியில் வடிகட்டி, காலை பதினோரு மணிக்குக் கெட்டியாக ஒரே பூச்சு அடித்தேன். பார்க்கப் பளீரென்று இருந்தது. ஆனால் அடுத்த நாள் மாடிக்குப் போய் வந்தவர்கள் எல்லாருடைய பாதமும் கூடம் முழுக்க வெள்ளையாகப் பதிந்திருந்தது. கையால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது.

பங்குனி, இரண்டாம் வாரம்

எதிர்வீட்டுக் கொத்தனார் அண்ணன் மேலே வந்து பார்த்தார். விரலால் ஒரு கோடு இழுத்துவிட்டு, "வெயில்ல அடிச்சீகளா தம்பி? தளத்த நனைச்சீகளா?" என்று கேட்டார். இரண்டுக்கும் என்னிடம் நல்ல பதில் இல்லை.

அவர் சொன்னது இது. சுண்ணாம்பு காய்வது வேறு, இறுகுவது வேறு. ஈரம் இருக்கும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல இழுத்துத்தான் அது திரும்பவும் கல்லாகிறது. சூடேறிய காய்ந்த தளம் அந்த ஈரத்தை நிமிஷத்தில் உறிஞ்சிவிட்டால் மிஞ்சுவது தூள்தான். அம்மா பழைய வழக்கப்படி கஞ்சியும் கல் உப்பும் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். உப்பு ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பது சரிதான். ஆனால் அது கம்பி போடாத அந்தக்கால மண் சுவருக்கு. கான்கிரீட்டுக்குள் கம்பி இருக்கிறது, உப்பு இறங்கினால் துருப்பிடிக்கும் என்று அண்ணன் தடுத்துவிட்டார். கஞ்சியோடு அரைக் கிலோ பெவிகால் கலக்கச் சொன்னார்.

ஆக, சனிக்கிழமை முழுக்கச் சுரண்டல். மகள் கூட்டுமாறால் தேய்க்க, மகன் தண்ணீர் ஊற்ற, மனைவி தள்ளிவிட, நான் விரிசல்களைச் சிமெண்டுப் பால் விட்டு அடைத்தேன். சாயங்காலம் ஐந்தரைக்குத் தளத்தை நனைத்து, பால் பதத்தில் மெல்லிய பூச்சு. ஞாயிறு மாலை அதற்குக் குறுக்காக இரண்டாவது, திங்கள் மாலை மூன்றாவது. ஒவ்வொரு நாளும் விடிந்ததும் லேசாகத் தண்ணீர் தெளித்தோம். பள்ளிக்கூடம் போகும் அவசரத்திலும் மகன் அந்தத் தெளிப்பு வேலையை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. இந்த முறை தேய்த்துப் பார்த்தால் கையில் ஒட்டவில்லை.

மகள் கூடத்தில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு இரவு ஒன்பது மணிக்குக் குறித்து வருகிறாள். அடிப்பதற்கு முந்தைய வாரம் 35, 35, 36. அடித்த பின் 33, 32, 33. வெளியே வெயில் இரண்டு வாரமும் ஏறக்குறைய ஒன்றுதான். மின்விசிறிக் காற்று இப்போது அனலாக வருவதில்லை. மதியம் மேலே துணி காயப்போடப் போனால் கண் கூசுகிறது, அது மட்டும் சிரமம். மனைவி காலையிலேயே துணியை முடித்துவிடுகிறாள்.

பங்குனி, கடைசி வாரம்

மாடியின் தென்கிழக்கு மூலையில் பாதியாக அறுத்த நீல டிரம்மில் ஒரு மல்லிச் செடி இருக்கிறது. பிள்ளைகளுக்கு அது அப்பத்தா செடி. அப்பா இருந்தபோது ஊரிலிருந்து பதியன் போட்டுக் கொண்டுவந்து வைத்தது. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்ததாகச் செய்தித்தாளில் வந்தபோது, அப்பா அந்தப் பக்கத்தை மடித்து அம்மாவிடம் கொடுத்தது எனக்கு நினைவிருக்கிறது. வெயில் ஏற ஏறப் பூக்கிற செடி. பங்குனியில் மொட்டுக் கட்டத் தொடங்க வேண்டும்.

கட்டவில்லை. துளிர்கள் வெளிறி மஞ்சளாக வந்தன. "தழைச்சத்துக் கொறச்சலா இருக்கும், கொஞ்சம் புண்ணாக்குக் கரைச்சு ஊத்துங்க அத்தை" என்றாள் மனைவி. அம்மா ஒரு கிளையைக் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்கள். அடியிலிருந்த பழைய இலைகள் எல்லாம் பச்சை. நுனியில் புதிதாக வந்த இலை மட்டும் மஞ்சள், அதிலும் நரம்பு மட்டும் பச்சையாகக் கோடு கோடாகத் தெரிந்தது. தழைச்சத்துக் குறைந்தால் பழைய இலைதான் முதலில் பழுக்கும். இது இரும்புச்சத்துக் குறை.

"இந்தத் தொட்டிக்குள்ள சுண்ணாம்புத் தண்ணி போச்சாப்பா?" என்று அம்மா கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. சுரண்டல் நாளில் வாளிகளைக் கழுவிய தண்ணீரை நான்தான் அந்த டிரம்மில் ஊற்றியிருந்தேன். காய்கறி கழுவும் தண்ணீரைக்கூட வீணாக்காமல் செடிக்கு ஊற்றுகிற வீடு, பழக்கத்தில் கை அங்கே போய்விட்டது. சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிவிடும். மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. சொன்னேன். அம்மா திட்டவில்லை. "சரி, மண்ண மாத்துவோம்" என்று முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

மேல்மண்ணை நான்கு விரற்கடை ஆழத்துக்கு, வேர் அறுபடாமல் கையாலேயே எடுத்தோம். செம்மண்ணும் மக்கிய தொழுவுரமும் சரிபாதியாகக் கலந்து போட்டோம். மூன்று நாள் நல்ல தண்ணீரை நிறைய விட்டு அடித்துளை வழியே வடியவிட்டோம். அந்த வடிதண்ணீர் புதுச் சுண்ணாம்பில் படாமல் இருக்கச் செங்கல் மேல் டிரம்மை ஏற்றி, கீழே ஒரு தட்டு வைத்தோம்.

உரக்கடையில் அன்னபேதி (இரும்புச்சத்துக்குத் தெளிக்கும் இரும்பு சல்பேட் உப்பு) வாங்கினேன். வெளிர்பச்சையாக இருந்தால்தான் வாங்க வேண்டும், துருநிறமாகப் பழுத்திருந்தால் வேண்டாம். லிட்டருக்கு ஐந்து கிராம். எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பும் கடினமும் என்பதால், முதலில் பாதி எலுமிச்சம்பழம் பிழிந்துவிட்டு அதன்பிறகு கரைத்தோம். இல்லையென்றால் தண்ணீர் பழுப்பாகி மருந்து அடியில் தங்கிவிடுகிறது. வெயில் தாழ்ந்த பிறகு இலையின் இரண்டு பக்கமும் நனையத் தெளித்தோம். மாதம் ஒருமுறை, பச்சை திரும்பும் வரை.

மல்லிக்குப் பக்கத்தில் ஆறு பைகளில் வெண்டை போட்டோம். அர்கா அனாமிகா ரகம். மஞ்சள் நரம்பு நோயைத் தாங்கும் என்பதால் தேடி வாங்கினேன். இரண்டு பையில் சிறுகீரை. வெண்டை முளைத்து நன்றாக நிற்கிறது, சொல்ல வேறு எதுவுமில்லை.

சித்திரை, திருவிழாவுக்குப் பிறகு

மல்லியில் மூன்றாவது வாரம் வந்த துளிர் பச்சையாக வந்தது. முதலில் பார்த்தவள் மகள். அப்பத்தாவைக் கூப்பிட்டுக்கொண்டு படியிறங்கி ஓடிய சத்தம் கீழே எனக்குக் கேட்டது. ஏற்கெனவே மஞ்சளான இலைகள் அப்படியேதான் இருக்கின்றன. புதுத்துளிரை மட்டும்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

திருவிழாவுக்குப் பதினொரு பேர் வந்தார்கள். சிறுகீரையை இரண்டு முறை அறுத்துப் பருப்போடு கடைந்தோம், வந்தவர்களுக்கு அதுவே போதவில்லை. வெண்டை இப்போதுதான் பூ எடுக்கிறது. இரவு கூடத்தில் பத்தரைக்கெல்லாம் பேச்சு அடங்கிவிட்டது. தங்கை மகன் விடியும் வரை ஒருமுறைகூட எழவில்லை. வெப்பமானியில் 34. வெளியே அன்றைக்கு அடித்த வெயிலுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது போன வருஷம் இங்கே படுத்தவர்களுக்குத் தெரியும்.

அழகர் இறங்கும் நாளுக்கு மல்லியில் கிடைத்தவை பதினேழு மொட்டுகள். நல்ல வருஷத்தில் இரண்டு முழம் தொடுத்தது போக மீதி இருக்கும். அம்மா பதினேழையும் தொடுத்து, பாதியை அப்பா படத்துக்கு வைத்துவிட்டு, மீதியைத் தங்கை தலையில் வைத்தார்கள்.

அடுத்த அன்னபேதித் தெளிப்பு வரும் வெள்ளிக்கிழமை. கைப்பிடிச் சுவர் ஓரமாக இரண்டு இடத்தில் சுண்ணாம்பு செதில் விட்டிருக்கிறது, அக்னி நட்சத்திரம் முடியும் முன் அங்கே மட்டும் இன்னொரு பூச்சு கொடுக்க வேண்டும். அன்றைக்கு மல்லி டிரம்மைத் தார்ப்பாயால் மூடிவிட்டுத்தான் வாளியைத் தொடுவேன்.