குல்மார்க்கின் சரிவுகள்

மார்கழியிலும் மின்விசிறி இல்லாமல் உறங்க முடியாத மயிலாப்பூர்வாசியான எனக்குப் பனிச்சறுக்கில் ஆர்வம் வந்ததற்குக் காரணம், 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகக் களமிறங்கிய ஆரிஃப் கான். அவர் சறுக்கிப் பழகிய காஷ்மீரின் குல்மார்க்கில், ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரப் புல்வெளியிலிருந்து இரு கட்டங்களாக மேலேறும் கொண்டோலா எனும் கம்பிவட ஊர்தி, அபர்வத் மலையில் 3,900 மீட்டருக்கும் மேலே கொண்டுசேர்க்கிறது. சுற்றுலாப் பயணிக்கு அந்த உயரமும் மென்பனியுமே போதும். பந்தய வீரருக்கோ, தடத்தில் நட்ட கம்புகளைச் சுற்றி வளைந்து திரும்பும்போது தடம் குழிந்துவிடாதபடி இறுக்கிச் சமன்செய்த சரிவு வேண்டும். 2020 முதல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் அங்கே நடைபெறுகின்றன. 2025-இல் பனி போதாமல் பிப்ரவரிப் போட்டிகள் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. செயற்கைப் பனி இயந்திரங்களுக்கே முதலில் செலவிட வேண்டும் என்பேன். அவற்றுக்கும் கடுங்குளிரும் ஏராளமான நீரும் தேவை என்பது வேறு விஷயம்.