கார்டு உங்களுடையதா என்று கேட்டால் ஆதாரை நீட்டாதீர்கள்

ஆர்டர் போட்டு, பணமும் கழிந்த பிறகு ஒரு மெயில் வருகிறது. "உங்கள் ஆர்டர் சரிபார்ப்பில் உள்ளது. அரசு அடையாள அட்டையின் இரு பக்கமும், பணம் செலுத்திய கார்டின் படமும் 48 மணி நேரத்துக்குள் அனுப்பவும்." கெடு வைத்துக் கேட்டதும் கை தானாகப் போன் கேலரிக்குப் போகிறது. கேஸ் கனெக்‌ஷனுக்காக எப்போதோ எடுத்த ஆதார் படம் அங்கே கிடக்கும். அதை அப்படியே அனுப்பிவிடுகிறோம். இந்தப் பழக்கத்தை விட்டே ஆகவேண்டும்.

கடை கேட்பதில் காரணமே இல்லை என்று சொல்லமாட்டேன். திருட்டுக் கார்டில் ஒருவன் பொருள் வாங்கினால், கார்டின் உண்மையான சொந்தக்காரர் வங்கியில் முறையிடுவார், வங்கி பணத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். பொருளும் போச்சு, பணமும் போச்சு என்று நிற்பது கடைதான். ஓடிபி போன்ற இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு நடந்திருந்தால் அந்த நஷ்டம் பொதுவாகக் கார்டு கொடுத்த வங்கியின் தலையில் விழும். இந்தியாவில் ஆன்லைன் கார்டு பரிவர்த்தனைக்கு இந்த இரண்டாம் சரிபார்ப்பை ரிசர்வ் வங்கி 2009-லேயே கட்டாயமாக்கிவிட்டது. பல வெளிநாட்டுக் கடைகளில் அப்படியில்லை. கார்டு எண், காலாவதித் தேதி, பின்பக்க மூன்று எண்கள் போதும், பணம் போய்விடும். அதனால்தான் அவர்களுக்குப் பயம் அதிகம்.

நம் ஊர் முகவரி அந்தப் பயத்தைக் கூட்டுகிறது. அமெரிக்க, பிரிட்டன் கடைகள் பில் முகவரியின் கதவு எண்ணையும் அஞ்சல் குறியீட்டையும் கார்டு கொடுத்த வங்கியிடம் ஒப்பிட்டுப் பார்க்கும். பெரும்பாலான இந்திய வங்கிகள் இந்தக் கேள்விக்குப் பதில் தருவதில்லை. பதில் வராத ஆர்டர் சந்தேகப் பட்டியலுக்குப் போகிறது. போதாததற்கு 'பழைய எண் 14, புதிய எண் 31, கீழ ஆவணி மூல வீதி' என்று இரண்டு கதவு எண்கள். மாசி வீதிக்கு ஆங்கிலத்தில் ஒருவர் ஒரு 'ஏ' போடுவார், இன்னொருவர் இரண்டு போடுவார். பெயர்ச் சிக்கல் இதைவிடப் பெரிது. கார்டில் 'கே முருகன்', ஆதாரில் 'முருகன் கருப்பையா', கடைக் கணக்கில் வெறும் 'முருகன்' என்றால், இனிஷியல் என்ற வழக்கமே தெரியாத மென்பொருளுக்கு அது மூன்று ஆட்கள். சிங்கப்பூரில் இருக்கும் மகன் அந்த ஊர்க் கார்டில் பணம் கட்டித் திருமங்கலத்தில் இருக்கும் அம்மாவுக்குப் பொருள் அனுப்பினாலும் இதே கதிதான்: கார்டு ஒரு நாடு, பார்சல் ஒரு நாடு.

ஆகவே ஆர்டர் போடும்போதே பில் முகவரியை வங்கி ஸ்டேட்மென்டில் இருப்பதுபோல எழுத்துக்கு எழுத்து அடியுங்கள். பெயரைக் கார்டில் பொறித்திருப்பதுபோலக் கொடுங்கள். இருக்கும் இடத்தை மறைக்கும் விபிஎன்னை அணைத்துவிடுங்கள், ஒரு கார்டு மறுக்கப்பட்டதும் அடுத்தடுத்து மூன்று கார்டுகளை முயலாதீர்கள். திருட்டுக் கார்டுகளைச் சோதிப்பவன் செய்வதும் அதுதான் என்பதால் அமைப்பு உடனே உஷாராகிவிடும்.

இப்போது அந்த மெயிலுக்கு வருவோம். கடையின் கேள்வி 'நீங்கள் யார்' என்பதல்ல, 'இந்தக் கார்டு உங்கள் கையில் இருக்கிறதா' என்பதுதான். அதற்கு ஆதார் பதிலே சொல்லாது. ஆதாரில் கார்டைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. ராணுவ வீரர் என்று சொல்லிப் பழைய பைக் விற்கும் மோசடிக்காரன் முதலில் அனுப்புவதே யாரோ ஒருவருடைய அடையாள அட்டைப் படம்தான். நாம் எங்கெங்கோ அனுப்பிய நகல்கள்தான் அவன் கையில் ஆயுதமாகின்றன.

பதில் எழுதும் முன், மெயிலில் உள்ள லிங்க்கைத் தொடாமல் கடையின் தளத்தையோ செயலியையோ நேராகத் திறந்து ஆர்டர் பக்கத்தைப் பாருங்கள். உண்மையான நிறுத்தம் என்றால் அங்கேயும் 'நிறுத்திவைக்கப்பட்டது' என்று இருக்கும், பதிவேற்றும் இடமும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். அங்கே எதுவும் இல்லாமல் வாட்ஸப்பில் மட்டும் கேட்டால் அனுப்பவே கூடாது.

கேட்பது கடைதான் என்று உறுதியானால், நகலுக்குப் பதிலாக இதைக் கேளுங்கள்: "என் கார்டில் ஒரு சிறு தொகையைப் பிடித்துக்காட்டுங்கள். எவ்வளவு என்று நான் சொல்கிறேன்." வங்கிக் கணக்கைப் பார்க்க முடிந்தவரால்தான் அந்த எண்ணைச் சொல்ல முடியும், கேள்விக்கு நேரான பதில் இதுதான். சில கடைகள் ஸ்டேட்மென்டில் கடைப் பெயருடன் ஒரு குறியீட்டையும் சேர்த்து அனுப்பி, அதைச் சொல்லச் சொல்லும். இரண்டும் இல்லையென்றால் வங்கிச் செயலியில் அந்த ஒரு பரிவர்த்தனை வரியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, இருப்புத் தொகையையும் மற்ற வரிகளையும் மறைத்து அனுப்பலாம். கார்டு படம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் முன்பக்கம் மட்டும், கடைசி நான்கு எண்களும் பெயரும் தெரிந்தால் போதும். பின்பக்கம் எக்காரணம் கொண்டும் கூடாது. பரிவர்த்தனை முடிந்தபின் அந்த மூன்று எண்களைச் சேமித்துவைக்கக் கூடாது என்பது கார்டு நிறுவனங்களின் பாதுகாப்பு விதி. அதைக் கேட்கும் கடையை நம்ப முடியாது.

இதற்கும் ஒத்துவராமல் அடையாள அட்டையே வேண்டும் என்றால், டிரைவிங் லைசென்ஸ் என் முதல் தேர்வு: பெயர் ஆங்கிலத்தில் இருக்கும், படமும் இருக்கும், எண்ணையும் பிறந்த தேதியையும் மறைத்துவிடலாம். பான் கார்டு வேண்டவே வேண்டாம். உங்கள் கடன் வரலாற்றின் சாவி அதுதான். ஆதார்தான் கையில் இருக்கிறது என்றால் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை எடுங்கள். ஆதார் ஆணையத்தின் மைஆதார் தளத்தில் ஆதார் எண் கொடுத்து, பதிவான மொபைலுக்கு வரும் ஓடிபியை அடித்து, பதிவிறக்கும் முன் 'மாஸ்க்டு' என்ற கட்டத்தை டிக் செய்யவேண்டும். அந்த டிக்கை விட்டால் முழு எண்தான் வரும். பிடிஎஃப் திறக்க, பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள் பெரிய எழுத்தில், அதோடு பிறந்த ஆண்டு. பெயருக்கு முன் இனிஷியலும் புள்ளியும் இருந்தால் அவையும் அந்த நான்கில் சேரும். பாஸ்வேர்டு தவறு என்று பலர் திணறுவது இங்கேதான். பெயரும் பிறந்த ஆண்டும் தெரிந்த யாரும் திறந்துவிடலாம் என்பதால் அந்தப் பாஸ்வேர்டைப் பாதுகாப்பு என்று எண்ணாதீர்கள்.

மறைப்பதில்தான் பெரும்பாலோர் கோட்டைவிடுகிறார்கள். 12 எண்களின் மேல் கருப்பு அடித்துவிட்டு, பக்கத்திலேயே க்யூஆர் கட்டத்தை விட்டுவிடுவார்கள். பழைய ஆதார் அட்டைகளின் க்யூஆரில் முழு எண்ணும் சாதாரண எழுத்தாகவே இருக்கிறது, எந்த ஸ்கேனரும் படித்துவிடும். புதியவற்றில் கடைசி நான்கு எண்களே இருந்தாலும் முகவரி, பிறந்த தேதி, படம் எல்லாம் உண்டு. க்யூஆரை மூடுங்கள். ஹைலைட்டர் பேனாவால் மூடாதீர்கள். எத்தனை முறை தேய்த்தாலும் அது ஒளி ஊடுருவும், வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்டையும் கூட்டினால் எண் எழுந்துவரும். முழுக் கருப்புச் செவ்வகம் வையுங்கள். பிறகு படத்தின் குறுக்கே, முகத்தையும் பெயரையும் தொட்டுச் செல்லும்படி, கடைப் பெயர், ஆர்டர் எண், தேதி, 'இந்தச் சரிபார்ப்புக்கு மட்டும்' என்று எழுதுங்கள். ஓரத்தில் எழுதினால் மோசடிக்காரன் வெட்டிவிடுவான். கடைசியாக, அந்தப் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் அனுப்புங்கள். கேமராவில் எடுத்த மூலப் படத்தில் உங்கள் வீட்டு இருப்பிடமும் பதிந்திருக்கலாம்; ஸ்கிரீன்ஷாட்டில் அது வராது.

அட்டையைக் கையில் பிடித்து எடுத்த செல்ஃபி கேட்டால் மறுத்துவிடுங்கள். யாரோ உங்கள் பெயரில் கணக்குத் திறக்கச் சில இடங்களில் அந்தப் படம் போதும். ஒரு ஜோடி ஷூவுக்கு அந்த விலை அதிகம்.

இன்னொன்று, நகல் வெளியே போவது கடையால் மட்டுமல்ல. கலெக்டர் ஆபீஸ் பக்கமோ மாட்டுத்தாவணியிலோ ஜெராக்ஸ் கடைக்காரர் எண்ணுக்கு ஆதாரை வாட்ஸப் செய்து பிரின்ட் எடுக்கிறோம். அந்த ஃபைல் அவர் கம்ப்யூட்டரின் டவுன்லோடு ஃபோல்டரில் கிடக்கும். பிரின்ட் ஆனதும் அங்கேயே நின்று, சாட்டிலும் ஃபோல்டரிலும் ரீசைக்கிள் பின்னிலும் அழிக்கச் சொல்லுங்கள். கேட்டால் செய்துதருவார்கள்.

சில இடங்களில் ஆவணம் கேட்பது சட்டப்படியே. வெளிநாட்டிலிருந்து கூரியரில் பொருள் வந்தால் சுங்கத்துக்காகக் கூரியர் நிறுவனம் கேஒய்சி, அதாவது அடையாள ஆவணம், கேட்கும். கொடுக்காவிட்டால் பார்சல் நிற்கும். அதையும் கூரியரின் தளத்தில் பார்சல் எண்ணைப் போட்டு அங்கேதான் ஏற்றவேண்டும். 2 லட்சம் ரூபாய்க்கு மேல் ஒரே பரிவர்த்தனையில் வாங்கினால் பான் எண்ணைக் கேட்கலாம். 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' என்பது கடன். கடனுக்குக் கேஒய்சி உண்டு. அது வேண்டாமென்றால் அந்த வழியில் பணம் கட்டாதீர்கள்.

உள்நாட்டுக் கடை, யுபிஐயிலோ ஓடிபி போட்டோ பணம் வாங்கிக்கொண்டு ஆதார் கேட்டால் என்ன? காரணம் எழுத்தில் கேளுங்கள். ஆதார் சட்டத்தில் 2019-ல் வந்த திருத்தப்படி, ஆஃப்லைன் முறையில் (ஆதார் சர்வரைத் தொடாமல்) சரிபார்க்கும் தனியார் உங்கள் ஆதார் எண்ணைச் சேகரிக்கவோ வைத்திருக்கவோ கூடாது. மாற்று வழி என்ன என்றும் சொல்லவேண்டும். ஒத்துவரவில்லை என்றால் ரத்துசெய்து பணத்தைத் திரும்பக் கேளுங்கள். பணம் திரும்பி வர யுபிஐ பின் எதுவும் போடத் தேவையில்லை. கடையின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாருக்கு ஒப்புகை தரவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதி. அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஏற்கெனவே முழு ஆதாரையும் அனுப்பிவிட்டவர்கள் இன்றே செய்யவேண்டியது: மைஆதாரில் பயோமெட்ரிக்கைப் பூட்டுங்கள், கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் மோசடி அதோடு நிற்கும். தேவைப்படும்போது தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம். அங்கேயே கடந்த 6 மாத ஆதார் பயன்பாட்டு வரலாற்றைப் பாருங்கள். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம்கள் என்று பார்த்து, உங்களுடையது அல்லாததைப் புகார் செய்யுங்கள். கடன் வரலாற்றைத் தொகுக்கும் சிபில் உட்பட நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழுக் கடன் அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒன்றாக வாங்கினால் ஆண்டு முழுவதும் கண் வைத்திருக்கலாம். கார்டு படத்தையும் அனுப்பியிருந்தால் அந்தக் கார்டை முடக்கிப் புதிது வாங்குங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930, அதே கையோடு வங்கிக்கும் எழுத்தில் புகார். உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் நடந்த மோசடியை, வங்கி தகவல் தெரிவித்ததிலிருந்து 3 வேலை நாட்களுக்குள் சொன்னால் உங்களுக்கு நஷ்டம் இல்லை என்பது ரிசர்வ் வங்கியின் 2017 விதி. நீங்களே ஓடிபியைச் சொல்லியிருந்தால் இந்தக் காப்பு கிடைக்காது.

சுங்குடிப் புடவையை இன்ஸ்டாவிலும் வாட்ஸப்பிலும் வெளிநாட்டுக்கு விற்கும் மதுரை வியாபாரிகளுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் பயம் நியாயமானது; பணம் வந்து 120 நாள் வரைகூட வங்கி அதைத் திருப்பி எடுக்க நேரலாம். ஆனால் வாங்குபவரின் பாஸ்போர்ட் நகலை வாங்கி வைத்தால் அந்தச் சண்டையில் பெரிதாக உதவாது. உதவுவது இவைதான்: பணம் வாங்கித்தரும் பேமென்ட் கேட்வேயில் வெளிநாட்டுக் கார்டுக்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்குவது, கையெழுத்து வாங்கித் தரும் டெலிவரி, ட்ராக்கிங் எண், வாங்குபவருடன் நடந்த உரையாடல். முதல் ஆர்டரிலேயே ஒரே புடவை இருபது, அவசர டெலிவரி, கார்டு ஒரு நாடு முகவரி வேறு நாடு என்று மூன்றும் சேர்ந்தால் ஒரு வீடியோ கால் போட்டுப் பேசிவிடுங்கள். யுபிஐ பணம் வந்ததா என்பதை அவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டில் பார்க்காதீர்கள், உங்கள் வங்கிச் செயலியில் பாருங்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். அதற்குக் காத்திருக்க வேண்டாம். இதுவரை வாங்கிய நகல்களை வாட்ஸப் சாட்டிலிருந்தும், போன் கேலரியிலிருந்தும், கேலரி தானாக ஏற்றிவைத்திருக்கும் கூகுள் போட்டோஸிலிருந்தும், அதன் குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்துவிடுங்கள். பேக்கிங் செய்யும் பையனின் போனுக்கு ஃபார்வர்டு செய்திருந்தால் அங்கேயும்.