சிசேரியன் தழும்பில் பதிந்த கரு: ஸ்கேனில் கண்டறிந்த விதம்

முதல் பிரசவம் சிசேரியன் என்பதால், மறுமுறை கர்ப்பம் உறுதியானதும் ஆறு, ஏழு வாரங்களுக்குள் ஸ்கேன் எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர் வலியுறுத்தியிருந்தார். எனக்கோ இதயத் துடிப்பு தெரிகிறதா என்பது ஒன்றே கவலை. துடிப்பு தெரிந்தது. ஆனால் கருவுறை, அதாவது கருவைச் சுற்றியுள்ள பை, கருப்பையின் கீழ்ப்பகுதியில் இருப்பதாக அறிக்கையில் ஒரு வரி இருந்தது. அந்த வரிக்காகவே யோனிவழி ஸ்கேனுக்கு அனுப்பினார்கள்.

இம்முறையில் கருவி கருப்பைக்கு மிக அருகில் செல்வதால், வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பதைவிடப் படம் தெளிவாக இருக்கும். எனக்கு வலி இல்லை, கூச்சம்தான். ஸ்கேன் மருத்துவர் திரையை என் பக்கம் திருப்பி, தாம் பார்ப்பதை ஒவ்வொன்றாக விளக்கினார். கருப்பையின் உள்ளறை காலியாக இருந்தது. கருப்பை வாயின் பாதையிலும் எதுவும் இல்லை. கருவுறை முன்சுவரில், பழைய தழும்பு இருக்கும் இடத்தில் பதிந்திருந்தது. அதற்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையில் கருப்பைத் தசை மெல்லிய கோடாகவே எஞ்சியிருந்தது.

கலைந்து வெளியேறும் கருவும் இதே இடத்தில் தென்படலாம் என்பதால், கருவியால் மெல்ல அழுத்தி உறை நகர்கிறதா என்று பார்த்தார். அது நகரவில்லை. ரத்தம் ஓடுவதைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனிலும் உறையைச் சுற்றி ரத்த ஓட்டம் வண்ணங்களாகத் தெரிந்ததால், கரு அங்கேயே பதிந்திருப்பது உறுதியானது. இன்னும் சில வாரங்கள் கடந்திருந்தால் உறை உள்ளறையை நோக்கி வளர்ந்து, வழக்கமான கர்ப்பத்தைப் போலவே தோன்றியிருக்கக்கூடும் என்றார். ரத்தப் பரிசோதனையில் பீட்டா எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோனின் அளவு ஒழுங்காக ஏறிவந்ததை நான் நல்ல அறிகுறியாக எண்ணியிருந்தேன். கரு எங்கே இருக்கிறது என்பதை அந்த எண் சொல்லாது.

கர்ப்பம் தொடர்ந்தால் நஞ்சுக்கொடி கருப்பைத் தசைக்குள் ஊடுருவிப் பதியலாம், கருப்பை கிழிந்து கடும் ரத்தப்போக்கு ஏற்படலாம் என்று எடுத்துச் சொல்லி, முடிவை எங்களிடம் விட்டார்கள். துடிப்பைக் கண்ணால் கண்ட பிறகு அந்த முடிவு எளிதாக இல்லை. சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டதும், ஸ்கேனில் பார்த்தபடியே உறைக்குள், கருவின் வளர்ச்சியை நிறுத்தும் மெத்தோட்ரெக்சேட் மருந்தைச் செலுத்தினார்கள். எச்.சி.ஜி. படிப்படியாக இறங்கிய பிறகும் தழும்பின் மேல் ஒரு கட்டி போன்ற எச்சம் ஸ்கேனில் தெரிந்துகொண்டே இருந்தது. ரத்தத்தில் உள்ள எச்.சி.ஜி. முன்னதாகவும் எச்சம் மிகத் தாமதமாகவும் மறைவது இயல்புதான் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பதறவில்லை.