மாந்தளிர் நிறத்தில் ஒரு மலை

பங்குனி பிறந்தால் என் தையல் கடையில் ரவிக்கைத் துணி குவிய ஆரம்பித்துவிடும். சித்திரையில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் பேசி வைத்துக்கொண்டதுபோல ஒரே வாரத்தில் வருவார்கள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, வத்தலக்குண்டில் கொடைக்கானலுக்கு முதல் பஸ் ஏறினேன். கூட என் அக்கா மகன். தாவரவியல் இரண்டாம் வருடம் படிக்கிறான், வாய் ஓயாது.

சொந்த வண்டியில் போகிறவர்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். அரசு பஸ்ஸில் போகிற எங்களுக்கு அந்தத் தலைவலி கிடையாது. ஒரு வளைவில் புல்சரிவு முழுக்கக் கருகிக் கிடந்தது. முந்தின வாரத் தீ என்றார் கண்டக்டர். மழை இல்லாத மாசி, பங்குனியில் இந்த மலைக்கு இது புதிதில்லை.

என் பையில் பன்னிரண்டு கட்டி கேம்லின் வர்ணப்பெட்டி, தடித்த தாள் கொஞ்சம், ஒரு பழைய துண்டு. அப்புறம், கடையில் வைத்திருக்கும் நூல் ஷேட் கார்டு. “சித்தி, மலைக்கு மேட்சிங் பாக்கவா போறீங்க?” என்று அவன் சிரித்தான். சிரிக்கட்டும்.

வட்டக்கானலில் இறங்கி டால்பின் நோஸ் பாதையில் நடந்தோம். செங்குத்தான இறக்கம். மர வேர்கள்தான் படிக்கட்டு. வழியில் பிரெட் ஆம்லெட், மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய். பாறை முனையில் போட்டோவுக்கு வரிசை நின்றது. நான் எட்டிப் பார்த்ததோடு சரி. இன்னும் கீழே வெள்ளகவி கிராமத்துக்குப் போகும் பாதையில் கொஞ்ச தூரம் இறங்கினோம். மோட்டார் ரோடு வருவதற்கு முன்பு பெரியகுளம் பக்கத்திலிருந்து கும்பக்கரை வழியாக ஏறி வந்தவர்கள் நடந்த தடம் அது. எதிரே மலை மடிப்பில் ஒரு சோலை, அதாவது இந்த மலைக்கே உரிய பழைய காடு, தெரிகிற மாதிரி ஒரு தட்டைப் பாறை கிடைத்தது. உட்கார்ந்துவிட்டேன்.

பச்சைக் கட்டியைத்தான் முதலில் நனைத்தேன். மலை என்றால் பச்சை என்று கை பழகிவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் சோலையில் பாதி மரம் பச்சையாகவே இல்லை. உச்சியெல்லாம் சிவப்பு, செம்பு, ரோஸ். பூ என்று நினைத்தேன்.

“பூ இல்ல சித்தி, தளிரு. அந்தா நாவல் ஜாதி, அது லவங்க ஜாதி” என்று ஆரம்பித்தான். இளம் இலையில் பச்சையம் முழுசாக வரும்வரை ஆந்தோசயனின் என்ற சிவப்புச் சாயம்தான் அதற்குக் குடையாம், வெயிலில் கருகாமல் காக்குமாம். பக்கத்துச் சரிவில் வாட்டில் மரமும் பைன் மரமும் ஒரே பச்சையாக நின்றன. இரண்டுமே வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை; தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று வாட்டிலை மலை மலையாக நட்டார்களாம். பங்குனியில் எங்கே சிவக்கிறதோ அங்கே சோலை மிச்சமிருக்கிறது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம் போல.

ஷேட் கார்டை நீட்டிப் பார்த்தேன். மாந்தளிர். சேலைக் கடையில் சொல்வோமே, அதே மாந்தளிர். தள்ளி அரக்கு, அதற்கும் மேலே வெங்காயச்சருகு. சமவெளிப் பக்கம் புழுதி மூட்டத்தில் பெரியகுளம் எங்கே என்றே தெரியவில்லை. அந்த மூட்டமும் வெங்காயச்சருகுதான், இன்னும் வெளுத்தது. வர்ணப்பெட்டியில் இந்தப் பெயர்கள் எதுவும் இல்லை.

சரி, கலந்துவிடலாம் என்று சிவப்பில் பச்சையைச் சேர்த்தேன். சேறு. மறுபடியும் சேறு. இரண்டு தாள் வீண். வெயில் மேகத்துக்குள் போனதும் மரமே நிறம் மாறிவிட்டது. ட்யூப் லைட்டில் பார்த்த துணியை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிற கதைதான்.

டீ குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் மயில்கழுத்துப் பட்டு ஞாபகம் வந்தது. அதில் நீலத்தையும் பச்சையையும் யாரும் கலப்பதில்லை. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். பக்கத்தில் பக்கத்தில் ஓடும், கண்தான் கலந்துகொள்ளும். மூன்றாவது தாளில் சிவப்பைத் தனியாக, பச்சையைத் தனியாக, தையல் போடுவதுபோலச் சின்னச் சின்னதாக வைத்துக்கொண்டே போனேன். கழுத்து வலித்தது. ஆனால் மரம் வந்தது.

பாதி முடியும்போது மணி பன்னிரண்டு. பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு ஏறியது. ஏற்கெனவே அந்தக் குளிரில் வர்ணம் காயவில்லை. ஈரம் பட்டதும் வலது ஓரத்துச் சிவப்பெல்லாம் வழிந்து மேலே பரவியது. துண்டால் ஒற்றினேன், கெடுத்தேன். எதிரில் இருந்த சோலையும் காணாமல் போய்விட்டது. ஏறி வருவதற்குள் எனக்கு மூச்சு வாங்க, அவன் மட்டும் பேசிக்கொண்டே வந்தான்.

படத்தைக் கடையில் மெஷினுக்கு மேலே குண்டூசி குத்தி வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை அளவு கொடுக்க வந்த அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஏம்மா, மலையில தீ புடிச்சதா சொன்னாங்களே, அதுவா?”

“இல்லக்கா, தளிரு” என்றேன்.

அவர் நம்பவில்லை. பையைத் திறந்து சேலையை எடுத்து, வழிந்துபோன அந்த வலது ஓரத்தில் வைத்துப் பார்த்தார். “இந்தக் கலர்ல ரவிக்கைத் துணி இருக்கா?”

இல்லை. மதுரைக்குத்தான் சொல்லிவிட வேண்டும்.