குத்துதா, அமுக்குதா?

விடிகாலை மூன்றே முக்கால் இருக்கும். ஜூலை மாதம், பம்பாய் செம்பூரில் இரவு முழுக்க மழை. தூக்கத்தில் இடப்பக்கம் திரும்பியபோது நெஞ்சின் நடுவெலும்பை ஒட்டி சுரீரென்று பிடித்தது. மூச்சை இழுத்தால் பாதியிலேயே வலி மறித்தது. ஒரு கையை ஊன்றி மெல்ல மெல்லத்தான் எழுந்து உட்கார முடிந்தது. பக்கத்தில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் விழித்துவிடக் கூடாதே என்றுதான் முதலில் நினைத்தேன். ஹார்ட் அட்டாக்கோ என்ற நினைப்பு அதற்கு அடுத்துதான் வந்தது.

எனக்கு வயது 37. ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்கிற முதுகெலும்பு வாதம் இருக்கிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் மூட்டுகளைத் தாக்கி வீங்க வைக்கிற நோய். வலி தொடங்கியது 22 வயதில், அதற்குப் பெயர் தெரிந்தது 29 வயதில். ஆண்களுக்கு வருகிற நோய் என்றே பலரும் நினைத்திருந்ததால் நடுவில் ஏழு வருஷம் போய்விட்டது. காலையில் இடுப்பு மரக்கட்டையாக இருக்கும், நடமாட நடமாட இளகும். அந்த வலியோடுதான் ஹார்பர் லைன் ரயிலில் வாஷி வரை தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். முதுகு வலி எப்போது வரும், எதற்கு அடங்கும் என்று எனக்குத் தெரியும். இந்த நெஞ்சு வலியைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை.

வீட்டுக்காரர் கொட்டுகிற மழையில் ஆட்டோ பிடித்து வந்தார். எமர்ஜென்சியில் போனவுடனே இ.சி.ஜி. எடுத்தார்கள். அப்புறம் ட்ரோபோனின் என்கிற ரத்தப் பரிசோதனை. இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கலக்கிற புரதம் அது. வலி தொடங்கிய உடனே பார்த்தால் ஏறியிருக்காது என்பதால் மூன்று மணி நேரம் விட்டு மறுபடியும் எடுத்தார்கள். எக்ஸ்ரேயும் ஆயிற்று. எல்லாம் நார்மல். அவ்வளவு வேகமாகப் பார்த்ததற்கு இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் மனசிலேயே கிடக்கிறது. டியூட்டி டாக்டர், "தர்த் கைசா ஹை?" என்று கேட்டார். வலி எப்படி இருக்கிறது என்ற அந்தக் கேள்விக்கு என்னிடம் இந்தி இல்லை. பதினாறு வருஷமாக பம்பாயில் இருக்கிறேன். கடைக்கு, ஆட்டோவுக்கு, ஆபீசுக்கு வேண்டிய இந்தி தாராளமாக வரும். வலிக்கு மட்டும் ‘தர்த்’ என்ற ஒரே சொல்தான் தெரிந்தது. தமிழில் எத்தனை இருக்கிறது! குத்துகிறது, குடைகிறது, பிடிக்கிறது, இழுக்கிறது, அமுக்குகிறது, எரிகிறது, உளைகிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது. எங்கள் ஆச்சியிடம் இதில் ஒன்றைச் சொன்னால் போதும், அடுத்த கேள்வியைச் சரியாகக் கேட்பாள். நான் "பஹுத் தர்த்" என்று மட்டும் சொன்னேன். ஸ்பாண்டிலைட்டிஸ் இருப்பதையும் சொன்னேன். அது முதுகில் வருவது, இது நெஞ்சு என்றார். டென்ஷனாக இருக்கும், இல்லையென்றால் அசிடிட்டி என்று மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்.

ஹார்ட் இல்லை என்றால் நிம்மதிதான். ஆனால் வலி அங்கேயே இருந்ததே. மூன்று வாரம் இருந்தது. தும்மல் வருகிற மாதிரி இருந்தால் இரண்டு கையாலும் விலாவை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். டிரெயினில் யார் முழங்கையாவது பட்டால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். திருநெல்வேலியிலிருந்து அம்மா, "வாயுப் பிடிப்புதான், இஞ்சியத் தட்டிப் போட்டுக் குடி" என்று தினமும் போன் செய்தாள். எல்லாம் நார்மல் என்று ஒரு காகிதம் கையில் இருக்கும்போது, வலிக்கிறது என்று மறுபடி சொல்லவே கூச்சமாக இருந்தது. வீட்டில் சொல்வதை நிறுத்திவிட்டேன். அது தப்பு. இப்போது நினைத்தாலும் அந்த மூன்று வாரம்தான் வருத்தமாக இருக்கிறது.

மூட்டுவாத டாக்டரிடம் போவதற்கு முந்தின நாள் ஒரு நோட்டில் எல்லாவற்றையும் தமிழில் எழுதினேன். எங்கே, எப்போது, எது செய்தால் கூடுகிறது, எது செய்தால் குறைகிறது. எட்டாம் வகுப்பு படிக்கிற என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து இந்தியில் மாற்றினாள். குத்துகிறது என்றால் ‘சுப்தா ஹை’, அமுக்குகிறது என்றால் ‘தபாவ்’. "உனக்கு எதும்மா?" என்று கேட்டாள். "குத்துது. மூச்சு இழுத்தா குத்துது, திரும்பிப் படுத்தா குத்துது. அமுக்கல" என்றேன். அவ்வளவு தெளிவாக அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

டாக்டர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, நடுவெலும்பும் விலாவும் சேருகிற இடத்தில் கட்டை விரலை வைத்து அழுத்தினார். அதே வலி! நான் கத்தியே விட்டேன். பிறகு ஒரு டேப்பை மார்பைச் சுற்றிப் பிடித்து, மூச்சை முழுக்க விடச் சொல்லி, முழுக்க இழுக்கச் சொல்லி அளந்தார். பொதுவாக 5 செ.மீ. பக்கம் விரியுமாம், எனக்கு 2 செ.மீ.தான் விரிந்தது. விலா எலும்புகள் 12 ஜோடியும் பின்னால் முதுகெலும்போடு மூட்டுகளால் சேர்ந்திருக்கின்றன. முன்னால் மேல் ஏழு ஜோடி குருத்தெலும்பு வழியாக நடுவெலும்பில் சேர்கின்றன. தசைநார் எலும்பில் ஒட்டுகிற இடங்களைத்தான் இந்த நோய் பிடித்துக்கொள்ளும். முதுகில் இருக்கிற அதே நோய் விலா வழியாக முன்பக்கமும் வரும் என்று படம் போட்டுக் காட்டினார். உடம்பில் அழற்சி இருந்தால் ஏறுகிற சி.ஆர்.பி. ரத்தத்தில் ஏறவில்லையே என்றேன். அது ஏறாமலும் வலி இருக்கும் என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் அழுதுவிட்டேன்.

ஆனால் அவரும் அதோடு விடவில்லை. அழுத்தினால் வலிக்கிறது என்பதற்காக இதயம் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது என்றார். வருஷக்கணக்காக உடம்பில் அழற்சி இருந்தால் இதய நோய் வருகிற வாய்ப்பு கூடும், இந்த வாதம் சிலருக்கு இதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகிற மகாதமனி வால்வையும் பாதிக்கும் என்று, எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுக்கச் சொன்னார். வாதத்துக்காக நான் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற அடாலிமுமாப் ஊசி போட்டுக்கொள்கிறேன். அது உறங்கிக் கிடக்கிற காசநோயை எழுப்பிவிடக்கூடும் என்பதால், சாயந்தரக் காய்ச்சல், எடை குறைவு, இருமல் உண்டா என்று கேட்டு அதற்கான பரிசோதனையும் செய்தார். வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கி நெஞ்செரிச்சல் தரும் என்பதால் அதையும் விசாரித்தார். அம்மா சொன்னதை அவர் ஒதுக்கவில்லை என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வெளியே காத்திருந்தபோது பக்கத்தில் லூபஸ் உள்ள ஒரு பெண். அதுவும் எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்குகிற நோய்தான். படுத்தால் அவளுக்கு நெஞ்சு வலி கூடுமாம், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் குறையுமாம். இதயத்தைச் சுற்றியிருக்கிற உறை வீங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். அவளையும் முதலில் டென்ஷன் என்றுதான் அனுப்பியிருக்கிறார்கள்.

என்னைப் போல வாதத்தோடு வாழ்கிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். புது நெஞ்சு வலி வந்தால் பழைய நோய்தான் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். அமுக்குகிற மாதிரி இருந்து, வியர்த்து, கைக்கோ தாடைக்கோ பரவினால் 108-ஐக் கூப்பிடுங்கள். எனக்கு நடந்ததுபோல குத்தினாலும் போய் இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். எல்லாம் நார்மல் என்று சொன்ன பிறகும் வலி இருந்தால், அப்படியானால் இது என்ன என்று விடாமல் கேளுங்கள்.

மருந்தை மாற்றி, மூச்சுப் பயிற்சியும் செய்து இப்போது நான்கு மாதம். வலி அடியோடு போகவில்லை, மழை நாளில் தலைகாட்டும். செட்டா நகர் முருகன் கோயில் படிகளில் நடுவில் ஒருமுறை நின்றுதான் ஏறுகிறேன். அம்மா இப்போதும் தினமும் போன் செய்கிறாள். சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னாலேயே கேட்டுவிடுகிறாள்: "ஏட்டி, இன்னைக்கு குத்துதா, அமுக்குதா?"